ரப்பர் குழாய் சொல்லும் சேதி: டர்போ எஞ்சினின் ஒரு சின்ன வரலாறு

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அம்மா. பாதி லாரியைத் தாண்டியிருப்பேன், யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி வண்டி ஒரு வெட்டு வெட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே இருக்கிறேன், இழுக்கவில்லை. எதிரே பஸ். பிரேக் அடித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, பத்து வருடம் ஓடிய டர்போ பெட்ரோல் கார். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. முதலில் விட்ட ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பூஸ்ட் பிரஷர் கோடு வருது சார், டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். எஸ்டிமேட் 85,000 ரூபாய். அன்றைய நிலைமைக்கு அந்தக் காரை விற்றால்கூட அதில் மூன்று மடங்குதான் வரும். ஒரு நண்பர் சொல்லி, வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் போனட்டைத் திறக்கும் முன்பு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வண்டி சோம்பலா இழுத்துட்டு நின்னுச்சா தம்பி, இல்ல நல்லா இழுத்துட்டு நின்னுச்சா?"

"நல்லாத்தான் இழுத்துச்சுங்ணா. வழக்கத்தைவிட ஜோராவே இழுத்துச்சு. அப்புறம்தான் வெட்டுச்சு."

"அப்ப டர்போ சாகலைங்க. டர்போவை அடக்கறது எதோ அத்துப் போயிருக்குது."

டார்ச்சை அடித்து, கையை உள்ளே விட்டு, ஒரு விரல் நீள ரப்பர் குழாயை உருவி எடுத்தார். மேல்பக்கம் நன்றாக இருந்தது. நிப்பிளில் மாட்டுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் பிளந்திருந்தது. புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் சேர்த்து 120 ரூபாய். கூலியாக அவர் வாங்கியது 300.

அந்தப் பழைய துண்டு இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. அரை டன் இரும்பையும் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு விரல் நீள ரப்பர் எப்படி முடக்க முடிந்தது என்ற கேள்வியோடு சில மாதங்களாகப் பழைய சர்வீஸ் கையேடுகளைப் படித்து வருகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிந்தது. சென்சாரும் ஒயரும் வருவதற்கு முன்பு, எஞ்சினின் ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு பேசிக்கொண்டது இந்தக் குழாய்கள் வழியாகத்தான். அவர் கேட்ட கேள்வி அந்த வரலாற்றிலிருந்து வந்தது.

வெற்றிடம் என்ற இலவச சேதி

பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகிற வழியில் த்ரோட்டில் என்ற ஒரு தட்டு இருக்கிறது. ஐடிலிங்கில் அது கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்கும், தட்டு விடாது. அதனால் தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, இன்டேக் மேனிஃபோல்டில், ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கடல் மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள எஞ்சினில், ஐடிலிங்கின்போது வேக்குவம் கேஜ் பாதரச அளவில் 18 முதல் 21 அங்குலம் வரை காட்டும். நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்தால் தட்டு திறக்கும், வெற்றிடம் குறையும். முழுக்க மிதித்தால் கிட்டத்தட்ட சைபர்.

அதாவது, எஞ்சின் இப்போது எவ்வளவு சுமை இழுக்கிறது என்ற தகவல் அந்த மேனிஃபோல்டில் எந்நேரமும் இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் சொருகினால் அந்தத் தகவலை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம், அதோடு ஒரு கம்பி. வெற்றிடம் சவ்வை இழுக்கும், சவ்வு கம்பியை இழுக்கும். மின்சாரமே இல்லாமல் வேலை நடக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரில் ஸ்பார்க் எப்போது விழவேண்டும் என்று சொல்லும் வேக்குவம் அட்வான்ஸ் இப்படித்தான் வேலை செய்தது. பிரேக் பூஸ்டர் இன்றும் இப்படித்தான். அமெரிக்கக் கார்களில் கண்ணாடி துடைக்கும் வைப்பர்கூட பல வருடங்கள் வேக்குவத்தில்தான் ஓடியது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. மழையில் மேட்டில் ஏறும்போது முழுக்க மிதிக்க வேண்டும், அப்போது வேக்குவம் போய்விடும், வைப்பர் நின்றுவிடும். பாதை தெரியவேண்டும் என்றால் ஒரு நொடி காலை எடுக்கவேண்டும். அந்தக் கால டிரைவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

1962: சேதி தலைகீழானது

வெளியேறும் புகையின் சக்தியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதை வைத்துக் காற்றை உள்ளே அமுக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஹி 1905-ல் காப்புரிமை பெற்றார். கப்பல், விமானம், லாரி என்று சுற்றிவிட்டு, டர்போ பயணிகள் காருக்கு வந்தது 1962-ல். ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஒரே வருடத்தில் இரண்டு டர்போ கார்களைக் கொண்டுவந்தது: செவ்ரோலே கோர்வேர் மான்ஸா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்.

இங்கேதான் குழாய்களுக்குச் சோதனை ஆரம்பம். அதுவரை மேனிஃபோல்டில் வெற்றிடம் மட்டுமே இருந்தது. டர்போ வந்ததும் அதே இடத்தில் ஐடிலிங்கில் வெற்றிடம், மிதித்தால் அழுத்தம். உள்ளே உறிஞ்சிக்கொண்டிருந்த குழாய் மறுநொடி வெளியே ஊதுகிறது. வெற்றிடம் மட்டும் இருந்தவரை தளர்ந்த ஹோஸ்கூட உறிஞ்சலில் நிப்பிளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அழுத்தம் வந்தால் கழன்று பறக்கும். சாதாரணக் காரில் கிளிப் இல்லாமல் ஓடிய ஹோஸுக்கு டர்போ காரில் கிளிப் கட்டாயமானது இதனால்தான். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் உள்ள ஒன்வே வால்வுக்கும் வேலை கூடியது. அது பழுதானால் டர்போவின் அழுத்தம் பூஸ்டருக்குள் புகுந்து, பிரேக் மிதி கல் மாதிரி ஆகிவிடும்.

கோர்வேர் ஸ்பைடரில் இந்தத் தலைகீழ் மாற்றத்தை அழகாகப் பயன்படுத்தினார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸுக்குப் பதிலாக, அழுத்தம் ஏறினால் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் சவ்வு ஒன்றை வைத்தார்கள். டர்போ அமுக்கும்போது ஸ்பார்க் சீக்கிரம் விழுந்தால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் சீராக எரியாமல் உள்ளே வெடிக்கும், பிஸ்டன் உடையும். அதைத் தடுக்கும் காவலுக்கான உத்தரவு ஒரு குழாய் வழியாகத்தான் போனது.

ஜெட்ஃபயர் இன்னும் துணிச்சல். 3.5 லிட்டர் அலுமினிய வி8, 215 குதிரைசக்தி. கம்ப்ரஷன் 10.25-க்கு 1. டர்போ எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் இது மிக அதிகம். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர். டர்போவின் அழுத்தத்தையே குழாய் வழியாகத் திரவத் தொட்டிக்குக் கொண்டுபோய், அந்த அழுத்தத்தால் திரவத்தைத் தள்ளும் ஏற்பாடு. தொட்டி காலியானால் எஞ்சினுக்குப் போகும் பூஸ்ட்டைத் தானே குறைக்கும் பாதுகாப்பும் இருந்தது.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் வண்டி வாங்கியவர்கள் திரவத்தை ஊற்ற மறந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்து சக்தியைக் குறைத்தது. ஓட்டியவருக்குத் தெரிந்ததெல்லாம் "டர்போ வேலை செய்யவில்லை" என்பதுதான். 1965-ல் கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர முன்வந்தது, பலர் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு வருடங்களில் விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. என் காருக்கு "டர்போ போயிடுச்சு" என்று சொன்னபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். காவல்காரன் வேலை செய்ததைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு கட்டியது.

இடையில் ஒரு காடு

1970-ல் அமெரிக்காவில் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையானது. புகையைக் குறைக்க எஞ்சினில் ஒவ்வொரு வால்வாகச் சேர்த்தார்கள். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட ஒன்று, பெட்ரோல் ஆவியைப் பிடிக்க ஒன்று, எஞ்சின் சூடானபின் மட்டும் திறக்க ஒன்று. கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதால் எல்லாவற்றுக்கும் உத்தரவு கொடுத்தது வேக்குவம்தான். 1980 வாக்கில் சில கார்களில் போனட்டைத் திறந்தால் எஞ்சினே தெரியாது, குழாய்தான் தெரியும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற வரைபடத்தைப் போனட்டுக்கு அடியிலேயே ஒட்டி அனுப்பினார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் ஆர்.சி. புத்தகத்துக்கு அடுத்து முக்கியமான காகிதம் அதுதான்.

சி, டபிள்யூ, ஆர்

டர்போவை அன்றாடக் காரில் பழக்கியது ஸ்வீடனின் சாப் கம்பெனி. 1977-ல் காட்டி 1978-ல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போ, 2 லிட்டர், 145 குதிரைசக்தி. எஞ்சினியர் பெர் கில்பிராண்டும் அவர் குழுவும் எடுத்த முடிவு எளிமையானது. சின்ன டர்போவைப் போடு, அது குறைந்த வேகத்திலேயே சுழலட்டும், அதிகமாகும்போது வேஸ்ட்கேட் திறந்து புகையை வேறு வழியில் விடட்டும். வேஸ்ட்கேட்டைத் திறப்பதும் ஒரு சவ்வுதான். டர்போ உண்டாக்கும் அழுத்தமே ஒரு ஹோஸ் வழியாக வந்து அந்தச் சவ்வைத் தள்ளும். டர்போ தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கடிவாளம்.

1982 மாடலில் சாப் ஒரு படி மேலே போனது. எஞ்சின் பிளாக்கில் நாக்கிங்கைக் கேட்கும் ஒரு சென்சார், ஒரு சின்னக் கண்ட்ரோல் பெட்டி, நடுவில் ஒரு சாலினாய்டு வால்வு. இந்த ஏற்பாட்டுக்கு ஏபிசி என்று பெயர். ஆங்கிலத்தில் தானியங்கித் திறன் கட்டுப்பாடு என்று பொருள். வால்வில் மூன்று நிப்பிள்கள், அவற்றின் மேல் மூன்று எழுத்துகள்: சி, டபிள்யூ, ஆர். சி கம்ப்ரஸரிலிருந்து வருவது. டபிள்யூ வேஸ்ட்கேட்டுக்குப் போவது. ஆர் டர்போவின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புவது.

மின்சாரம் இல்லாதபோது சியும் டபிள்யூவும் சேர்ந்திருக்கும். வேஸ்ட்கேட்டுக்கு முழு சேதியும் போகும், பூஸ்ட் குறைந்த அளவில் நிற்கும். பெட்ரோல் நன்றாக இருந்து நாக்கிங் இல்லையென்றால், பெட்டி வால்வைத் துடிக்க வைத்து டபிள்யூவில் உள்ள அழுத்தத்தில் கொஞ்சத்தை ஆர் வழியாகக் கசிய விடும். வேஸ்ட்கேட் "அழுத்தம் இன்னும் ஏறவில்லை போல" என்று நினைத்து மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறும். நாக்கிங் கேட்டால் கசிவை நிறுத்தும். ஒயர் அறுந்தால்கூட வண்டி பாதுகாப்பான பக்கம்தான் சாயும். நல்ல எஞ்சினியரிங் என்றால் இதுதான்.

ஆனால் ரப்பருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சி ஹோஸோ டபிள்யூ ஹோஸோ பிளந்தால் வேஸ்ட்கேட்டுக்குச் சேதியே போகாது. கடிவாளம் அறுந்த குதிரை. பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். இதை எதிர்பார்த்துத்தான் கடைசிக் காவலாக ஒரு பிரஷர் ஸ்விட்சை வைத்தார்கள். அளவு மீறினால் அது பெட்ரோல் பம்பை நிறுத்திவிடும். வண்டி ஜோராக இழுக்கும், பிறகு சட்டென்று வெட்டும்.

இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் எனக்கு நடந்தது வரி பிசகாமல் இதுதான். அந்த அண்ணனின் கேள்விக்கும் அப்போதுதான் முழு அர்த்தம் புரிந்தது. டர்போ பழுதானால் வண்டி ஆரம்பத்திலிருந்தே சோம்பலாக இருக்கும். ஜோராக இழுத்து வெட்டினால் டர்போ நலம், அதை அடக்கும் சேதிதான் தொலைந்திருக்கிறது. ஐடிலிங்கில் என் வண்டி ஒழுங்காக நின்றதற்கும் காரணம் இதுவே. ஐடிலிங்கில் அந்த ஹோஸுக்கு வேலையே இல்லை.

பெட்ரோலுக்கு உத்தரவு கொடுக்கும் ஹோஸ்

இன்னொரு மெல்லிய குழாய் ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டரின் தலையில் இருக்கும். அந்தக் கால இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இதைவிட ஆபத்தான சின்னப் பொருள் குறைவு என்பேன்.

இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் விடும் என்பது, அதற்குப் பின்னால் உள்ள பெட்ரோல் அழுத்தத்துக்கும் முன்னால் மேனிஃபோல்டில் உள்ள காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் 3 பார் என்று வைத்துக்கொள்வோம். டர்போ 0.7 பார் அமுக்கும்போது பெட்ரோல் 3.7 பாருக்கு ஏறவேண்டும், இல்லையென்றால் கணக்கு உதைக்கும். அதற்காக மேனிஃபோல்டின் அழுத்தத்தை ஒரு ஹோஸ் வழியாக ரெகுலேட்டருக்குச் சொல்கிறார்கள்.

அந்த ஹோஸ் கழன்றால்? பெட்ரோல் 3 பாரிலேயே நிற்கும், வித்தியாசம் 2.3 பாராகச் சுருங்கும். ஓட்டம் வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், கணக்குப் போட்டால் சுமார் 12 சதவீதம் பெட்ரோல் குறைகிறது. எஞ்சின் மிகக் கடினமாக உழைக்கும் அந்த நொடியில், மிக அதிகமாகப் பெட்ரோல் தேவைப்படும் நொடியில் குறைகிறது. ஐடிலிங்கிலோ நேர் எதிர்: வெற்றிடம் 0.6 பார் என்றால் வித்தியாசம் 3.6 ஆகி, சுமார் 10 சதவீதம் கூடுதலாக ஊற்றும். ஓட்டுபவர் கவனிப்பது ஐடிலிங்கில் வரும் பெட்ரோல் வாசனையை. எஞ்சினைக் கொல்வது பூஸ்ட்டில் வரும் வறட்சி.

இதே ஹோஸைக் கழற்றி முகர்ந்து பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அந்த வழியாகவே மேனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கரும்புகைக்குக் காரணம் தேடி இன்ஜெக்டர்களைக் கழற்றும் முன்பு இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எலிக்கூடு

ரப்பர் குழாய்களின் உச்சம் ஜப்பானில் நடந்தது. 1991-ல் வந்த மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7. 1.3 லிட்டர் ரோட்டரி எஞ்சின், இரண்டு டர்போ. குறைந்த வேகத்தில் முதல் டர்போ மட்டும், சுமார் 4,500 ஆர்பிஎம்மில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். சேரும் முன்பே இரண்டாவதைச் சுழற்றித் தயாராக வைக்கவேண்டும், புகைவழியைத் திறக்கவேண்டும், காற்றை வெளியே விடும் வால்வை மூடவேண்டும், உள்வழியைத் திறக்கவேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள்.

முடிவெடுத்தது கம்ப்யூட்டர். ஆனால் கதவுகளைத் திறக்கக் கம்ப்யூட்டருக்குக் கை இல்லை. கையாக இருந்தது காற்று. வெற்றிடத்தைச் சேர்த்துவைக்க ஒரு அறை, அழுத்தத்தைச் சேர்த்துவைக்க ஒரு அறை, இரண்டிலிருந்தும் சாலினாய்டுகள் வழியாக சவ்வுகளுக்கு டஜன் கணக்கில் ஹோஸ், நடுநடுவே ஒன்வே வால்வுகள். இவை அத்தனையும் சூடான எஞ்சினின் மேல், இன்டேக்குக்கு அடியில் திணிக்கப்பட்டிருந்தன. சொந்தக்காரர்கள் வைத்த பெயர் எலிக்கூடு.

சூட்டில் ரப்பர் பத்து வருடத்தில் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். ஒரு ஹோஸைக் கழற்றினால் பக்கத்தில் உள்ளது உடையும். நல்ல வண்டியில் பூஸ்ட் கேஜ் 10 பிஎஸ்ஐ காட்டி, மாறும் இடத்தில் 8-க்கு இறங்கி, மீண்டும் 10-க்கு ஏறும். பழுது பார்ப்பவர்கள் இந்த மூன்று எண்களை நாடித்துடிப்பு மாதிரி படிப்பார்கள். முதல் 10 சரியாக வந்து, மாறியபின் பூஸ்ட் விழுந்து எழவில்லை என்றால் முதல் டர்போ நலம். இரண்டாவதின் கதவுகளில் ஒன்றுக்குச் சேதி போகவில்லை. ஒன்வே வால்வை யாராவது திருப்பி மாட்டியிருந்தாலும் இதே நோய்தான் வரும். இதற்குப் பயந்து பலர் இரண்டு டர்போவையும் கழற்றி வீசிவிட்டு ஒரே பெரிய டர்போவை மாட்டிக்கொண்டார்கள். பல இடங்களில் குற்றவாளி டர்போ இல்லை.

சேதி சொல்லாத ஒரே குழாய்

இதுவரை சொன்னவை எல்லாம் தகவல் சுமக்கும் குழாய்கள். பெட்ரோல் ஹோஸ் வேறு ஜாதி. அது பொருளையே சுமக்கிறது. வேக்குவம் ஹோஸ் பிளந்தால் வண்டி நிற்கும். பெட்ரோல் ஹோஸ் பிளந்தால் வண்டி எரியும். டர்போ காரில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், சில அங்குலம் தள்ளிப் பழுக்கக் காய்ந்த டர்போ இருக்கிறது.

கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் அழுத்தம் அரை பாரைத் தாண்டாது. இன்ஜெக்‌ஷன் வந்தபின் 3 பார், சில பழைய பாஷ் முறைகளில் 5 பார். பார்க்க இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும். கடையில் "பெட்ரோல் ஹோஸ்" என்று கேட்டால் கார்புரேட்டருக்கானதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மேலே அச்சடித்திருப்பதைப் படிக்கவேண்டும். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றால் குறைந்த அழுத்தத்துக்கு. ஆர்9 என்றால் இன்ஜெக்‌ஷனுக்கு. தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்க வேண்டியதற்கு ஆர்10. மற்ற ஹோஸ்கள் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் நனைந்தே கிடந்தால் கூழாகிவிடும். கிளாம்ப்பிலும் வித்தியாசம் உண்டு. பட்டையில் துளைகள் வெட்டிய சாதாரண வகை, இறுக்கும்போது ரப்பரை அறுக்கும். இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்பின் உட்பக்கம் வழவழப்பாக, ஓரம் மடித்திருக்கும்.

அழகுக்காக மாட்டும் நீல, சிவப்பு சிலிக்கான் ஹோஸ் வேக்குவத்துக்கு நல்லது, சூட்டைத் தாங்கும். ஆனால் பெட்ரோலுக்கு ஆகவே ஆகாது. ஊறிப் பெருத்து, சுவர் வழியாகவே கசியும். நம் ஊரில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்ட நிலையில், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பழைய ரப்பரை ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது. வீங்கியிருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ, யோசிக்காமல் மாற்றுங்கள்.

தேடும் வரிசை

கையேடுகளையும் அந்த அண்ணன் சொன்னதையும் சேர்த்து எனக்காக எழுதிவைத்துக்கொண்ட வரிசை இது. உங்களுக்கும் பயன்படலாம்.

முதலில் மூக்கு. பெட்ரோல் வாசனை வந்தால் வேறு எதையும் தேடாதீர்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். பெட்ரோல் ஹோஸைக் கழற்றும் முன்பு, பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கும். கசிவு ஏற்கெனவே இருந்தால் இந்த வழியும் கூடாது.

இரண்டாவது, எப்போது கோளாறு வருகிறது என்று கேளுங்கள். ஐடிலிங்கிலா, பூஸ்ட்டிலா? காற்றை வாசலில் அளக்கும் எஞ்சினில், ஒரே ஓட்டை இரண்டு எதிர்மாறான நோயைக் காட்டும். ஐடிலிங்கில் அளக்காத காற்று உள்ளே வருவதால் வறட்சி, மிஸ்ஸிங். பூஸ்ட்டில் அளந்த காற்று வெளியே போவதால் பெட்ரோல் மிச்சமாகிக் கரும்புகை. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் எஞ்சினில் அதே ஓட்டை ஐடிலிங் ஆர்பிஎம்மை ஏற்றிவிடும். ஆனால் அந்த சென்சாரின் சொந்த ஹோஸே கழன்றால் கம்ப்யூட்டருக்கு எந்நேரமும் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தெரியும். ஐடிலிங்கில் மூழ்கும், பூஸ்ட்டில் காயும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஹோஸ் பிளப்பது நிப்பிளில், அடிப்பக்கத்தில். எஞ்சினை அணைத்துவிட்டு, குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்தி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். ஒன்வே வால்வை வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் போகவேண்டும், மறுபக்கம் கூடாது.

நான்காவது, மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நினைவில் இருக்கிறது என்று நம்பினால் எலிக்கூடுதான் மிஞ்சும். கழற்றும் முன்பு ஒரு போட்டோ.

இன்றைய புதுக் கார்களில் வேஸ்ட்கேட்டை மின்மோட்டார் திறக்கிறது. அழுத்த சென்சார் மேனிஃபோல்டிலேயே திருகப்பட்டிருக்கிறது. பெட்ரோல் அழுத்தத்தைக் கம்ப்யூட்டரே கணக்கிட்டுக்கொள்கிறது. அறுபது வருடங்களாக ரப்பர் சுமந்த சேதிகளை ஒயர் வாங்கிக்கொண்டது. எஞ்சினுக்கு நல்லதுதான். ஆனால் ஊரில் ஓடும் பழைய டர்போ வண்டிகள் இன்னும் பல வருடம் இந்தக் குழாய்களோடுதான் ஓடப்போகின்றன. ஸ்கேனர் நோயின் பெயரை மட்டும் சொல்கிறது. வண்டி ஜோராக இழுத்து நின்றதா, சோம்பலாக நின்றதா என்று கேட்க ஆள் வேண்டும். அப்படிக் கேட்கத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் மறுபடியும் அதே ரோட்டில் அம்மாவோடு போனேன். ஒரு லாரி முன்னால் வந்தது. "முந்தாதே, மெதுவாவே போ" என்றார். ஹோஸ் புதுசு என்று சொல்லிப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் வரை லாரிக்குப் பின்னால்தான் போனோம்.